வாழ்க்கைக்கு உதவும் வலிமை

உடல் வலிமை என்றவுடன் நம்மில் பலருடைய மனக்கண்முன் தோன்றுவது, புடைத்த தோள்களும் அகன்ற மார்பும் கொண்ட ஒரு பயில்வானின் உருவமே. அதனைக் கண்டு வியந்துவிட்டு, 'இது நமக்கு உரியதன்று. அதற்கு நேரமும் இல்லை, தேவையும் இல்லை' என்று ஒதுங்கிவிடுகிறோம். ஆனால், தரையில் அமர்ந்து உண்டவர் கையூன்றாமல் எழுவதற்கும், நீர் நிறைந்த வாளியை மாடிக்கு எடுத்துச் செல்வதற்கும், நெரிசல் மிகுந்த மின்சார ரயிலில் ஒரு மணி நேரம் நின்றவாறே பயணம் செய்வதற்கும், உறங்கிவிட்ட குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வீடு திரும்புவதற்கும் வேண்டுவது யாது? அதுவும் வலிமையே. பார்வைக்கு அழகாக அமையும் வலிமை வேறு. செயலுக்குப் பயன்படும் வலிமை வேறு. இவ்விரண்டாவது வகையை எவ்வாறு பெறுவது, எவ்வாறு காப்பது என்பதே இவ்வுரையின் பொருளாகும்.

பிறந்த ஊரை விட்டுப் பிற மாநிலங்களில் வாழும் தமிழர்கள் இதனைச் சற்றுக் கூடுதலான அக்கறையுடன் எண்ணிப் பார்த்தல் வேண்டும். சொந்த ஊரில் முதியவர் ஒருவர் தடுமாறினால், தாங்கிப் பிடிப்பதற்கு உற்றார், உறவினர், அண்டை வீட்டார் என்று நாலு கைகள் நீளும். மும்பையிலோ தில்லியிலோ கொல்கத்தாவிலோ மூன்றாம் மாடியில் குடியிருக்கும் குடும்பத்தில் நிலைமை பெரும்பாலும் அவ்வாறன்று. மகனும் மருமகளும் அலுவலகம் சென்றபின், ஊரிலிருந்து அழைத்து வரப்பட்ட தாயாரோ தந்தையாரோ மாலை வரையில் தனியே இருக்கின்றனர். குளியலறையில் ஒருமுறை வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், அறுவைச் சிகிச்சை, நெடுநாள் படுக்கை, பிறர் துணையின்றி நடக்க இயலாமை என்று அத்துன்பம் தொடர்கிறது. பொழுதெல்லாம் நாற்காலியில் அமர்ந்து பணிபுரியும் மகனும், இன்று கவனியாதிருந்தால், நாளை அதே இடத்தை அடையக்கூடும். உதவிக்கு ஆள் இல்லாத ஊரில் முதல் உதவி நம் கால்களும் கைகளுமே ஆகும்.

வலிமை ஓர் இருப்பு

60 கிலோகிராம் எடையுள்ள ஓர் அம்மையார் நாற்காலியிலிருந்து எழுகிறார் என்று கொள்வோம். தம் உடலின் பெரும்பகுதியை அவருடைய தொடைத் தசைகள் உயர்த்தியாக வேண்டும். அத்தசைகளுக்கு அதைப்போல் இருமடங்கு சுமையை உயர்த்தும் ஆற்றல் இருக்குமாயின், எழுவதற்கு அவ்வாற்றலில் பாதியே செலவாகிறது. அவர் பேசிக்கொண்டே எழுவார். ஆற்றல் நாளடைவில் குறைந்து, எழுவதற்கு வேண்டிய அளவை ஒட்டி வந்து நிற்குமாயின், ஒவ்வொரு முறை எழுவதும் பளு தூக்கும் வீரர் தம் இறுதிச் சுமையைத் தூக்குவதற்கு ஒப்பான முயற்சியாகிவிடுகிறது. அந்நிலையில் நான்கு நாள் காய்ச்சல் வந்து படுத்தால், ஐந்தாம் நாள் அவரால் எழ இயலாது. 'வயதாகிவிட்டது' என்று பிறர் கூறுவர். உண்மையில் தீர்ந்து போனது வயதன்று. சேமித்து வைத்திருந்த இருப்பே தீர்ந்து போயிற்று.

முப்பது வயதைக் கடந்தபின் தசைகள் மெல்ல மெல்லக் குறையத் தொடங்குகின்றன. ஐம்பதுக்கு மேல் அக்குறைவு விரைவடைகிறது. தசையின் அளவைக் காட்டிலும் அதன் வலிமை விரைந்து குறைகிறது. வலிமையைக் காட்டிலும், அதனை உடனடியாக வெளிப்படுத்தும் வேகம் இன்னும் விரைந்து குறைகிறது. கால் இடறும்போது மறு காலைச் சட்டென்று முன்வைத்து விழாமல் நிற்பதற்கு வேண்டுவது இவ்வேகமே. நாற்பது வயதில் இக்குறைவு நமக்குத் தெரிவதில்லை. இருப்பு இன்னும் மிகுதியாக இருப்பதே அதற்குக் காரணம்.

இவ்விருப்பை மீண்டும் நிரப்ப இயலுமா? இயலும், எவ்வயதிலும் இயலும். 1990ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், மரியா ஃபியட்டரோன் என்ற மருத்துவரும் அவருடன் பணியாற்றியவர்களும் முதியோர் இல்லம் ஒன்றில் நடத்திய ஆராய்ச்சியின் முடிவை வெளியிட்டனர். ஏறக்குறைய 90 வயதான 10 பேர் அதில் கலந்துகொண்டனர். எட்டு வாரங்கள் தொடைத் தசைகளுக்குப் படிப்படியாகச் சுமையைக் கூட்டிப் பயிற்சி அளிக்கப்பட்டது. பயிற்சியை முடித்தவர்களின் கால் வலிமை சராசரியாக 174 விழுக்காடு உயர்ந்தது. ஊன்றுகோலுடன் நடந்தவர்களுள் இருவர் அதனை விடுத்து நடந்தனர். 90 வயதில் இது கூடுமாயின், 50 வயதில் 'இனி என்ன பயன்?' என்று கேட்பதற்கு இடமில்லை.

நம் நாட்டு மரபு கூறுவது

செயலுக்காக உடலைப் பழக்குதல் இந்நாட்டிற்குப் புதிதன்று. காசி, தில்லி, கோலாப்பூர் முதலிய ஊர்களின் மற்போர்க் கூடங்கள் அகாடா என்று அழைக்கப்படுகின்றன. அங்கே இரும்புப் பொறிகள் முக்கிய இடம் பெற்றதில்லை. தண்டாலும் பஸ்கியும், கயிறு ஏறுதலும், கதை சுழற்றுதலுமே அங்கு நிகழும் பயிற்சிகள். மற்போர் நிகழும் மண்குழியை மண்வெட்டியால் கொத்திப் பதப்படுத்துவதும் அங்கே ஒரு பயிற்சியாகவே கருதப்படுகிறது. கொத்துகையில் கால், இடுப்பு, முதுகு, தோள், கை ஆகிய அனைத்தும் ஒன்றுசேர்ந்து உழைக்கின்றன என்பதை நோக்கினால், அதன் பொருத்தம் விளங்கும்.

இம்மரபில் வளர்ந்தவர்தாம் காமா பயில்வான். 1910ஆம் ஆண்டு லண்டன் மாநகரில், போலந்து நாட்டைச் சேர்ந்த பெருவீரர் ஸ்பிஷ்கோவுடன் இரண்டு மணி நேரத்திற்கும் மேலாக அவர் பொருதார். அப்போட்டி வெற்றி தோல்வியின்றி முடிந்தது. 1928இல் பட்டியாலாவில் அவ்விருவரும் மீண்டும் மோதியபோது, ஒரு நிமிடத்திற்குள்ளாகவே காமா வென்றார். பஸ்கி எடுக்கும்போது அவர் கழுத்தில் அணிந்துகொண்ட, ஏறக்குறைய 95 கிலோகிராம் எடையுள்ள வட்டக்கல், பட்டியாலாவிலுள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தின் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளது. அந்த எடை நமக்கு வேண்டியதன்று. உட்கார்ந்து எழும் எளிய அசைவையே எடுத்துக்கொண்டு, அதன் சுமையை ஆண்டுக்கணக்கில் படிப்படியாக உயர்த்திய முறையே நாம் கற்க வேண்டியது.

மராட்டிய நாட்டில் மல்லக்கம்பம் செழித்தது. நட்ட மரத்தூணின்மீது ஏறியும் தொங்கியும் சுழன்றும் தம் உடலின் எடையையே சுமையாகக் கொண்டு பழகும் கலை அது. மும்பையில் மாட்டுங்காவில் வாழும் தமிழர்கள், அருகிலுள்ள தாதர் சிவாஜி பூங்காப் பகுதியில் சிறுவரும் சிறுமியரும் இதனைப் பயில்வதைக் காணலாம். நம் கர்லாக்கட்டைக்கு ஒப்பான வடநாட்டுக் கட்டைகளை ஆங்கிலேயப் படைவீரர்கள் இந்தியாவிலே கண்டு, 19ஆம் நூற்றாண்டில் தம் நாட்டிற்குக் கொண்டு சென்றனர். 1904, 1932 ஆகிய ஆண்டுகளின் ஒலிம்பிக் விழாக்களில் கட்டை சுழற்றுதல் ஒரு போட்டியாகவே இடம்பெற்றது.

தென்பாண்டி நாட்டார்க்கு இளவட்டக்கல்லைப் பற்றிக் கூற வேண்டுவதில்லை. நெல்லைச் சீமையில் பொங்கல் விழாவின்போது இன்றும் அதனைத் தூக்கும் போட்டி நடைபெறுகிறது. வழுவழுப்பான உருண்டைக் கல்லில் பிடிப்பதற்குக் காதும் இல்லை, பிடியும் இல்லை. குந்தி அமர்ந்து அதனை அணைத்து, தொடைமீது ஏற்றி, மார்புக்கு உயர்த்தி, தோளில் வைத்துப் பின்புறம் எறிதல் வேண்டும். கையின் வலிமை மட்டும் இதற்குப் போதாது. காலில் பிறந்த விசை இடுப்பின் வழியே முதுகில் ஏறித் தோளை அடைய வேண்டும். நெல் மூட்டை தூக்குவதற்கும் இதுவே வழி. உழவனுக்குத் தேவையான திறனையே அக்கல் சோதித்தது.

அறிவியல் கண்ட விதிகள்

இரண்டாம் உலகப் போரின்போது, சிக்காகோ நகரின் ராணுவ மருத்துவமனை ஒன்றில் தாமஸ் டிலார்ம் என்ற மருத்துவர் பணிபுரிந்தார். முழங்காலில் காயமுற்ற வீரர்களுக்கு அக்காலத்தில் மென்மையான அசைவுகளையே பலமுறை செய்யச் சொல்வது வழக்கம். அவர் அம்முறையை மாற்றினார். தாங்கக்கூடிய கனமான சுமையைச் சில முறை மட்டும் தூக்கச் செய்து, வலிமை வளர வளரச் சுமையையும் கூட்டினார். வீரர்கள் விரைவில் நலம் பெற்றனர். 1945இல் அவர் வெளியிட்ட இம்முறையே இன்றைய வலிமைப் பயிற்சிகளுக்கெல்லாம் அடிப்படையாக விளங்குகிறது.

இதிலிருந்து இரண்டு விதிகளை நாம் கொள்ளலாம். முதலாவது, உடல் பழகிய சுமையால் வலிமை வளராது; பழகியதைக் காட்டிலும் சற்றுக் கூடுதலான சுமையே அதனை வளர்க்கும். இரண்டாவது, எதனைப் பழகுகிறோமோ அதுவே கைவரும். படுத்தவாறு இரும்புத் தண்டைத் தூக்கிப் பழகியவருக்கு அச்செயல் நன்கு வரும். ஆனால் ரயில் பெட்டியின் மேற்பலகையில் பெட்டியை ஏற்றும் திறன் அதே அளவுக்கு வந்துவிடும் என்று கூற இயலாது. காரணம், பயிற்சியின் முதற் சில வாரங்களில் வலிமை உயர்வது பெரும்பாலும் தசை பெருப்பதனால் அன்று. எந்தத் தசையை, எப்போது, எவ்வளவு இயக்குவது என்பதை மூளையும் நரம்புகளும் கற்றுக்கொள்வதனாலேயே அவ்வுயர்வு ஏற்படுகிறது. ஆதலின், வாழ்க்கையில் எந்த அசைவுகள் தேவைப்படுகின்றனவோ அவற்றையே பயிற்சியாகக் கொள்வது அறிவுடைமை.

முன்னாளில் இதற்கெனத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டிய தேவை எழவில்லை. கிணற்றில் நீர் இறைத்தல், இடுப்பில் குடம் சுமத்தல், உரலில் குத்துதல், அம்மியில் அரைத்தல், ஆட்டுக்கல்லில் மாவாட்டுதல் என்று வீடே பயிற்சிக்கூடமாக இருந்தது. அவ்வுழைப்பு பெண்களின் முதுகை ஒடித்தது என்பதும் உண்மை. அது நீங்கியதற்காக நாம் வருந்த வேண்டுவதில்லை. ஆனால், பொறிகள் நம்மிடமிருந்து எடுத்துக்கொண்ட உழைப்பில் உடலுக்குத் தேவையான பங்கை மட்டும் நாமே அளவறிந்து திருப்பிக் கொடுத்தல் வேண்டும்.

ஆறு அசைவுகள்

வீட்டிலுள்ள பொருள்களைக் கொண்டே செய்யத்தக்க ஆறு அசைவுகளை இனிக் காண்போம்.

முதலாவது, அமர்ந்தெழுதல். சுவரை ஒட்டி வைத்த உறுதியான நாற்காலியின் முன் விளிம்பில் அமர்ந்து, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு எழுக. மூன்று எண்ணும் வரையில் மெதுவாக இறங்கி மீண்டும் அமர்க. பத்து முறை எளிதாக வருமாயின், தாழ்ந்த முக்காலிக்கு மாறலாம். அதுவும் எளிதானால், 5 கிலோகிராம் அரிசிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு செய்யலாம். நம் தண்டால், பஸ்கிகளுள் பஸ்கி இதன் முதிர்ந்த வடிவமேயாகும்.

இரண்டாவது, குனிந்தெடுத்தல். இதில் ஒரு சிறு கணக்கு உண்டு. முதுகின் கீழ்ப்பகுதியைத் தாங்கும் தசைகள், முதுகெலும்பு வளையும் மையத்திலிருந்து ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் தொலைவிலேயே உள்ளன. 15 கிலோகிராம் வாளியை அம்மையத்திலிருந்து 40 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தால், அது 8 மடங்கு தொலைவாகும். ஆகவே, அவ்வாளிக்காக மட்டும் அத்தசைகள் 120 கிலோகிராம் எடைக்கு நிகரான விசையை அளித்தாக வேண்டும். வாளியை 20 சென்டிமீட்டர் தொலைவிற்கு இழுத்துக்கொண்டால் அது 60 கிலோகிராமாகக் குறைகிறது. எனவே, தூக்குமுன் பொருளின் அருகே செல்க; இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி, முழங்காலைச் சற்றே மடக்கி, பொருளை உடலை ஒட்டி உயர்த்துக. கால் பங்கு நீர் நிறைந்த வாளியில் தொடங்கி, வாரந்தோறும் நீரைக் கூட்டிச் செல்லலாம்.

மூன்றாவது, தள்ளுதல். சுவரில் இரு கைகளையும் ஊன்றி, மார்பைச் சுவரருகே கொண்டு சென்று மீண்டும் தள்ளுக. பின்னர் உறுதியான மேசை விளிம்பிலும், அதன்பின் தரையிலும் செய்யலாம். தரையில் செய்யும்போது அது தண்டாலாகிவிடுகிறது. தள்ளித் தள்ளித் தரையை அடைவதற்கு ஆறு மாதங்கள் ஆனாலும் குற்றமில்லை.

நான்காவது, இழுத்தல். வீட்டுப் பயிற்சிகளில் மறக்கப்படுவது இதுவே. ஒரு கையை மேசைமீது ஊன்றிக் குனிந்து நின்று, மறு கையால் புத்தகப் பை ஒன்றை விலாவரையில் இழுத்து உயர்த்துக. எழுத்து மேசையின்முன் குனிந்தே இருப்பவர்களுக்குத் தோள்களைப் பின்னிழுக்கும் தசைகளை இது உரம்பெறச் செய்யும்.

ஐந்தாவது, சுமந்து நடத்தல். ஒத்த எடையுள்ள இரு பைகளை இரு கைகளிலும் ஏந்தி, நிமிர்ந்து முப்பது அடி நடந்து திரும்புக. பின்னர் ஒரு கையில் மட்டும் ஏந்தி, உடல் ஒரு பக்கம் சாயாதவாறு நடக்க. மறு கையிலும் அவ்வாறே செய்க. கைப்பிடி, தோள், வயிறு, இடுப்பு, கால் ஆகிய அனைத்திற்கும் இது பயிற்சியாகும். இந்தியா உள்ளிட்ட 17 நாடுகளில் ஏறக்குறைய 1,40,000 பேரை ஆராய்ந்து 2015இல் வெளிவந்த முடிவு ஒன்று, கைப்பிடி வலிமை குறைந்தவர்களிடையே இறப்பு விகிதம் மிகுந்திருப்பதைக் காட்டியது. கையைப் பிசைந்துகொண்டிருந்தால் ஆயுள் நீளும் என்பது இதன் பொருளன்று. கைப்பிடி முழு உடலின் வலிமைக்கும் ஓர் அடையாளம் என்பதே பொருள்.

ஆறாவது, படியேறுதலும் ஒற்றைக்காலில் நிற்றலும். நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் ஒரு கணம் நாம் ஒற்றைக்காலிலேயே நிற்கிறோம். பல் துலக்குகையில் சுவரருகே நின்று, ஒரு காலை உயர்த்தி முப்பது எண்ணும் வரையில் நிற்கப் பழகலாம். மின்தூக்கி இருப்பினும் இரண்டு மாடிகளையாவது படி வழியே ஏறலாம். 1953இல் ஜெர்ரி மாரிஸ் என்ற ஆராய்ச்சியாளர், லண்டனின் இரண்டடுக்குப் பேருந்துகளில் நாள் முழுவதும் படியேறி இறங்கிய நடத்துநர்களுக்கு, அமர்ந்தே வண்டியோட்டிய ஓட்டுநர்களைக் காட்டிலும் இதய நோய் குறைவாக வந்ததைக் கண்டறிந்து வெளியிட்டார்.

எவ்வளவு, எத்தனை முறை?

உலக நலவாழ்வு நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பெரியவர்கள் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் வரையில் விரைநடை போன்ற மிதமான உடலுழைப்பை மேற்கொள்வதுடன், வாரத்தில் இரண்டு நாளேனும் முக்கியத் தசைகள் அனைத்திற்கும் வலிமைப் பயிற்சி அளித்தல் வேண்டும். 65 வயதைக் கடந்தவர்கள் சமநிலைப் பயிற்சியையும் வலிமைப் பயிற்சியையும் வாரத்தில் மூன்று நாள்கள் செய்தல் நலம். நாள்தோறும் நடப்பவர்கள் பலர் அதுவே போதும் என்று எண்ணுகின்றனர். நடை இதயத்திற்கு நல்லது. ஆனால் தோளுக்கும் கைக்கும் அதனால் வலிமை மிகுவதில்லை. யோகாசனம் பயில்பவர்கள் அதனைக் கைவிட வேண்டுவதில்லை. சுமை தூக்கும் அசைவுகளை மட்டும் அதனோடு சேர்த்துக்கொள்ளலாம்.

ஒவ்வோர் அசைவையும் 8 முதல் 12 முறை செய்து, சற்று இளைப்பாறி மீண்டும் ஒருமுறை செய்தால் போதும். இறுதி இரண்டு முறை கடினமாகத் தோன்ற வேண்டும். ஆனால் முறை குலையக் கூடாது. 12 முறை எளிதாகிவிட்டால் சுமையைச் சிறிது கூட்டுக. மூச்சை அடக்காமல், உயர்த்துகையில் வெளியிடுக. அடுத்தடுத்த நாள்களில் செய்யாமல் இடையே ஒரு நாள் ஓய்வளிக்க. தசை வளர்வது ஓய்விலேதான். தில்லியில் கார்த்திகை, மார்கழி மாதங்களின் புகைமூட்டத்திலும், மும்பையின் மழைக்காலத்திலும் வெளியே செல்ல இயலாமற் போகலாம். இப்பயிற்சிக்கு ஒரு பாய் விரிக்கும் இடமே போதுமாதலால், பருவத்தைக் காரணம் காட்டி நிறுத்த வேண்டுவதில்லை.

உணவைப் பற்றியும் ஒரு சொல். தசை வளர்வதற்குப் புரதம் வேண்டும். உடல் எடையில் ஒரு கிலோகிராமுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வகுத்த அளவு. 60 கிலோகிராம் எடையுள்ளவருக்கு அது ஏறக்குறைய 50 கிராமாகும். சோறு மிகுதியாகவும் பருப்பு குறைவாகவும் உண்ணும் நம் வழக்கத்தில் இவ்வளவு எளிதில் கிட்டுவதில்லை. குழம்பில் பருப்பைக் கெட்டியாக்குதல், மாலையில் சுண்டல், தயிர், முட்டை, மீன், வடநாட்டில் மலிவாகக் கிடைக்கும் ராஜ்மா, கொண்டைக்கடலை ஆகியவற்றால் இக்குறையை நிரப்பலாம். சிறுநீரக நோயுடையவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டே புரதத்தைக் கூட்டுதல் வேண்டும்.

நீரிழிவு பெருகிவரும் நம் நாட்டில் தசைக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. இந்தியாவில் ஏறக்குறைய 10 கோடிப் பேருக்கு இந்நோய் இருப்பதாக 2023இல் வெளியான பேராய்வு மதிப்பிட்டது. உண்டபின் குருதியில் சேரும் சர்க்கரையைப் பெருமளவில் ஏற்றுக்கொள்பவை தசைகளே. தசை மிகுந்து அது உழைக்கவும் செய்தால், சர்க்கரை தங்குவதற்கு இடம் கிடைக்கிறது.

உழைப்பும் பயிற்சியும்

'நாள் முழுவதும் மூட்டை தூக்குபவனுக்குப் பயிற்சி எதற்கு?' என்று சிலர் வினவக்கூடும். உழைப்பு வேறு, பயிற்சி வேறு. கட்டட வேலையிலும் துறைமுகத்திலும் சுமை தூக்குபவர், பல நேரங்களில் ஒரே பக்கத்தில், ஒரே விதத்தில், களைத்தபின்னும் ஓய்வின்றித் தூக்குகிறார். சுமையின் அளவை அவர் முடிவு செய்வதில்லை. பயிற்சியிலோ அளவு உண்டு, படிமுறை உண்டு, இருபக்கச் சமநிலை உண்டு, ஓய்வு உண்டு. உழைப்பு வலிமையைச் செலவிடுகிறது. பயிற்சி அதனைச் சேர்க்கிறது. ஆதலால், சுமை தூக்கும் தொழிலாளிக்கு மேலும் சுமை வேண்டியதில்லை. வேலையில் பயன்படாத மறுபக்கத்திற்கும், இழுக்கும் தசைகளுக்கும் சிறிது பயிற்சியும், நல்ல உறக்கமுமே அவருக்கு வேண்டுவன.

அமர்ந்து பணிபுரிபவர்களின் நிலை இதற்கு நேர்மாறானது. 1956ஆம் ஆண்டில் ழான் மேயர், பூர்ணிமா ராய், காமாக்ய பிரசாத் மித்ரா ஆகியோர் வங்காளத்துச் சணல் ஆலை ஒன்றின் பணியாளர்களை ஆராய்ந்து எழுதினர். அமர்ந்தே பணிபுரிந்தவர்கள், கடினமாக உழைத்தவர்களுக்கு நிகராக உண்டனர். எடையோ மிகுதியாக இருந்தது. உழைப்பு ஓரளவுக்குக் கீழே இறங்கிவிட்டால் பசி அதற்கேற்பக் குறைவதில்லை என்பதை அவ்வாராய்ச்சி காட்டியது. எழுத்தராகவோ கணினிப் பணியாளராகவோ வெளியூர் சென்ற நம்மவர்களுக்கு இச்செய்தி மிகவும் பொருந்தும்.

விளையாட்டில்

விளையாட்டு வீரர்க்கு வலிமை இருந்தால் மட்டும் போதாது. அதனை நொடிப்பொழுதில் வெளிப்படுத்தவும், வேகத்தை அடக்கி நிறுத்தவும் தெரிதல் வேண்டும். கிரிக்கெட்டில் வேகப்பந்து வீசுபவர் முன்காலை ஊன்றும் கணத்தில் அவர் எடையைப்போல் பல மடங்கு விசை அக்காலில் இறங்குகிறது. கைப்பந்தாட்டத்தில் எழும்பியவர் இறங்குகையில் முழங்கால் உட்புறம் சாய்ந்தால் மூட்டு நார்கள் அறுபடலாம். சடுகுடு ஆடுபவர்க்கோ இழுத்தலும் தள்ளுதலும் ஒருங்கே வேண்டும். ஆகவே, இளைஞர்கள் ஒற்றைக்காலில் அமர்ந்தெழுதல், தாவி மெத்தென இறங்கி அசையாது நிற்றல் ஆகியவற்றைப் பழகுதல் நன்று. நார்வே நாட்டில் காற்பந்து ஆடும் சிறுமியரிடையே, ஓட்டமும் வலிமையும் சமநிலையும் கலந்த இருபது நிமிட முன்பயிற்சியால் காயங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக 2008இல் வெளியான ஆராய்ச்சி கூறியது.

முதியோரும் பெண்டிரும்

சுமை தூக்கினால் உடல் ஆண்மை வடிவம் பெற்றுவிடும் என்று பெண்கள் சிலர் அஞ்சுகின்றனர். அவ்வச்சத்திற்கு அடிப்படை இல்லை. மாதவிடாய் நின்றபின் பெண்களின் எலும்பு விரைந்து மெலிகிறது. அதனைத் தடுத்து நிறுத்தத் துணைபுரிவனவற்றுள் சுமைப் பயிற்சியும் ஒன்று. எலும்பும் தசையைப் போலவே, தன்மீது விழும் சுமைக்கேற்பத் தன்னை உறுதிப்படுத்திக்கொள்கிறது.

தரையில் அமர்ந்து எழும் பழக்கத்தை முதியோர் இயன்றவரை விடாதிருத்தல் நலம். பிரேசில் நாட்டில் 51 முதல் 80 வயது வரையுள்ள 2,002 பேரைத் தரையில் அமர்ந்து எழச் செய்து, கை, முழங்கால் ஆகியவற்றின் துணையை நாடிய ஒவ்வொரு முறைக்கும் மதிப்பெண் குறைத்துச் சோதித்தனர். குறைந்த மதிப்பெண் பெற்றவர்களே பின்வந்த ஆண்டுகளில் மிகுதியாக இறந்தனர் என்பது 2012இல் வெளிவந்தது. பந்தியில் அமர்ந்து உண்ட நம் முன்னோர் இச்சோதனையை நாள்தோறும் செய்துவந்தனர் எனலாம். மூட்டு வலி உடையவர் ஒருவர் அருகிருக்க, நாற்காலியைப் பற்றிக்கொண்டே தொடங்கலாம்.

சில எச்சரிக்கைகள் இன்றியமையாதவை. இதய நோய், கட்டுப்படாத இரத்த அழுத்தம், குடலிறக்கம், எலும்பு மெலிவு உடையவர்களும், அண்மையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களும் மருத்துவரின் கருத்தை அறிந்த பின்னரே தொடங்குதல் வேண்டும். பயிற்சிக்கு மறுநாள் தசையில் தோன்றி இரண்டு மூன்று நாள்களில் மறையும் வலி இயல்பானது. மூட்டில் குத்தும் வலி, மார்பு வலி, தலைசுற்றல், மூச்சுத் திணறல் ஆகியவை தோன்றினால் உடனே நிறுத்தி மருத்துவரை நாடுக.

பிற மாநிலங்களில் பல நகரங்களில் நம்மவர்கள் தமிழ்ச் சங்கங்களை அமைத்துள்ளனர். இசையும் சொற்பொழிவும் நிகழும் அம்மண்டபங்களில், ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் இதற்கென ஒதுக்கப்படுமாயின், பத்து நாற்காலிகளும் சில அரிசிப் பைகளுமே முதலீடாகப் போதும். தனியே தொடங்கியவர் பாதியில் விட்டுவிடுவார்; கூடித் தொடங்கியவர்கள் ஒருவரையொருவர் அழைத்து வருவர். வீட்டில் இருக்கும் தாயாருக்கும் தந்தையாருக்கும் அன்று நாலு பேருடன் தமிழில் பேசிய மகிழ்ச்சியும் கிட்டும்.

வலிமை ஒரே நாளில் வருவதன்று. ஒரே நாளில் போவதும் அன்று. வாரத்தில் இரண்டு நாள், அரை மணி நேரம், ஆறு அசைவுகள் என்ற இச்சிறு ஒழுங்கை இவ்வாரமே தொடங்குக. மூன்று மாதங்கள் சென்றபின், அரிசி மூட்டையோடு மாடியேறும்போது நடுவில் நின்று இளைப்பாற வேண்டிய தேவை குறைந்திருப்பதைத் தாமே உணர்வீர்கள். வீட்டிலுள்ள பெரியவர்களையும் உடன் அமர்த்தி எழச் செய்யுங்கள். பிறர் கையை எதிர்பாராது தம் காலில் எழுந்து நிற்கும் உரிமை அவர்களுக்கு நெடுநாள் நிலைக்கட்டும்.